முனையம்மா கல்லும் காதர் பாயும்

வியாழக்கிழமை காலை நம் ஞாயிறு நடைக் குழுவின் வாட்ஸ்அப்பில் காதர் பாயின் மகன் ஒரு வரி போட்டிருந்தார். "அத்தா மௌத்தாயிட்டாங்க. லுஹர் தொழுகைக்கு அப்பறம் அடக்கம்." அதைப் படித்து முடிப்பதற்குள் கும்பிடு பொம்மைகள் வரிசை கட்டிவிட்டன. உங்களில் ஒருவராவது போன் போட்டு அந்தப் பையனிடம் பேசினீர்களா? எனக்கு முதலில் அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

திருவொற்றியூரிலிருந்து தண்டையார்பேட்டை என்ன காத தூரமா? அன்றைக்கென்று பார்த்துக் கண்டெய்னர் லாரிகள் அடைத்துக்கொண்டு நின்றன. ஆட்டோவை விட்டு இறங்கி நடந்தேன். என் முழங்காலைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே. நான் கபரஸ்தானுக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தார்கள். பதினோரு வருடம் கூடவே நடந்தவனுக்கு ஒரு பிடி மண் போடக் கொடுத்துவைக்கவில்லை.

மறுநாள் தெருமுனையில் பிளெக்ஸ் வைத்துவிட்டார்கள். 'வடசென்னை வரலாற்று ஆய்வாளர்' என்று போட்டிருந்தது. காதர் பாய் பார்த்திருந்தால் சிரித்திருப்பார். அவர் மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வுபெற்றவர். கல்லூரியில் முப்பது வருடம் வரலாறு நடத்தியவன் நான். ராயபுரத்துச் சந்துகளில் எனக்குத் தெரியாதது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று ஆரம்பத்தில் எனக்குக் கொஞ்சம் பொறாமையே உண்டு. ஒருநாள் செல்போன் கடை ஒன்றின் எதிரே என்னை நிறுத்தி, "மேல பாருங்க சார்" என்றார். விளம்பரப் பலகைக்கு மேலே மரச்சட்டம் போட்ட பழைய ஜன்னல்கள், உச்சியில் சுண்ணாம்பில் செய்த இரண்டு மயில்கள். அந்தக் கடையில்தான் வருடக்கணக்காக ரீசார்ஜ் செய்துகொண்டிருந்தேன். "தெருவுல நின்னு பாத்தா கடை கீது. கம்பத்துல ஏறிப் பாத்தாத்தான் ஊரு கீது" என்றார்.

எங்களுக்குள் தீராத சண்டை ஒன்று இருந்தது. ஞாயிறுதோறும் ஊர் பார்க்க வருகிறவர்களைக் கூட்டிக்கொண்டு எந்த இடத்துக்குப் போனாலும் பாய் பேசமாட்டார். அங்கே குடியிருப்பவரைக் கூப்பிட்டுப் பேசவைப்பார். அவர்களோ நவாபு இங்கே குதிரை கட்டினார், வெள்ளைக்காரத் துரை இந்தக் கிணற்றில் விழுந்தார் என்று அடித்துவிடுவார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும். கேட்டால், "நம்ம வேலை இன்னா சார்? கூட்டினு போறது. பேசறது அந்த வூட்டுக்காரங்க வேலை" என்பார். ஊரெல்லாம் தப்பான வரலாற்றைப் பரப்புகிறீர்கள் என்று நான் கத்தியிருக்கிறேன். அவர் எனக்கும் சேர்த்து டீ சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பார்.

அப்படிப்பட்ட இடம்தான் செல்வி இட்லிக் கடை போட்டிருக்கும் சந்து முனை. இடுப்பளவு கல் ஒன்று அங்கே நட்டிருந்தது. மஞ்சள் அப்பிக் குங்குமம் வைத்து, சிவப்புத் துணி கட்டியிருப்பார்கள். முனையம்மா என்று பெயர். புயல் வந்தபோது கடல் இந்தக் கல்வரைக்கும் வந்து, முனையம்மா முறைத்ததும் திரும்பிப் போனது என்று செல்வி ஒவ்வொரு ஞாயிறும் கை காலை ஆட்டிச் சொல்வாள். பாய் முதல்முறை கேட்பவரைப் போலக் கேட்பார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிறு, என்னால் பொறுக்க முடியவில்லை. அன்று வந்த கூட்டத்தில் படித்த பிள்ளைகள் நிறைய. எனக்கு வாய் நமநமத்தது. "இது அம்மனே இல்லை. கம்பெனி காலத்தில் நட்ட எல்லைக்கல்" என்று சொன்னதோடு விட்டேனா? கைக்குட்டையை நனைத்து மஞ்சளைத் துடைத்து, அடியில் இருந்த இங்கிலீஷ் எழுத்துகளைக் காட்டினேன். கைதட்டினார்கள். ஒருவர் வீடியோ எடுத்துப் போட்டார். அது ஊரெல்லாம் சுற்றியது. நான் பெருமையாக உறவினர்களுக்கெல்லாம் அனுப்பினேன். செல்வி மட்டும் அன்று எங்களுக்கு இட்லி கொடுக்கவில்லை.

அடுத்த மழைக்கு முன்னால் அந்தச் சந்தில் கால்வாய் வெட்ட வந்தார்கள். செல்வி கல்லுக்கு முன்னால் போய் நின்றிருக்கிறாள். ஒப்பந்தக்காரரின் ஆள் போனை எடுத்து அந்த வீடியோவைக் காட்டி, "இன்னாம்மா, சாமி இல்லன்னு வாத்தியாரே சொல்லிக்கீறாரு" என்று கேட்டிருக்கிறான். மதியத்துக்குள் பொக்லைன் பிடுங்கி லாரியில் ஏற்றிவிட்டது. நான் மனு எழுதிக்கொண்டு மாநகராட்சி அலுவலகத்துக்கு ஓடினேன். பழமையான சின்னங்களின் பட்டியலில் இந்தக் கல் உண்டா என்று கேட்டார்கள். இல்லை. முனையம்மாவாக இருந்தவரைக்கும் எந்தப் பட்டியலும் அதற்குத் தேவைப்படவில்லை.

பாயிடம் போய் உட்கார்ந்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எல்லைக்கல்லுன்னு எனக்குத் தெரியும் சார். அங்க கம்பம் நட குழி எடுக்கறப்பவே எழுத்தப் பாத்துட்டேன். பொம்பளைங்க வுடல, ரெண்டடி தள்ளி நட்டோம்" என்றார்.

"தெரிந்துமா இத்தனை வருடம் சொல்லவில்லை?"

"சொன்னா கல்லாப் பூடும் சார்."

இதை முன்னாலேயே என்னிடம் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? இன்றைக்கும் எனக்கு அந்தக் கோபம் இருக்கிறது. போன மனிதர் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். நான் படுகிறேன்.

இடிபாடு கொட்டுகிற இடமெல்லாம் அவர் அந்தக் கல்லைத் தேட ஆரம்பித்தார். எண்ணூர் சாலை ஓரம், முகத்துவாரக்குப்பம் பக்கம் கழிமுகக் கரை, எங்கே மண்மேடு கண்டாலும் டிவிஎஸ் ஐம்பதை நிறுத்திவிடுவார். அவரோடு நான் ஒரே ஒரு நாள்தான் போனேன். வெயிலும் அனல்மின் நிலையச் சாம்பலும் தாங்காமல் முழங்காலைச் சாக்குச் சொல்லிக் கழன்றுகொண்டேன். அவர் எழுபது வயதில், இருமிக்கொண்டே போய்வந்தார். கிடைத்ததா என்று கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை. மார்கழியிலிருந்து ஞாயிறு நடைக்கும் நான் வராமல் இருந்தது இதனால்தான். முழங்கால் என்று உங்களிடம் சொன்னது பாதிதான் உண்மை.

மூன்றாம் நாள் பாய்க்குப் பாத்தியா ஓதி முடிந்ததும், அவர் வீட்டிலிருந்து செல்வி கடைச் சந்துக்குப் போனேன். முனையில் கல் இருந்தது. மஞ்சள், குங்குமம், சிவப்புத் துணி எல்லாம் இருந்தது. மனுஷன் கண்டுபிடித்தேவிட்டார், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று நினைத்துக் குனிந்து மஞ்சளுக்கு மேலே விரலை ஓட்டினேன். எழுத்து இல்லை. நாலு பக்கமும் தடவினேன். எங்கேயோ பழைய கட்டடத்துப் படிக்கல்.

செல்வி பார்த்துக்கொண்டே நின்றாள். "பாய்தான் போன மாசம் மீன்பாடி வண்டில போட்டு எடுத்தாந்தாரு. ஒண்ணும் பேசல. இந்தாம்மான்னு எறக்கி வெச்சிட்டு டீ குட்ச்சிட்டுப் பூட்டாரு." கையைத் துடைத்துக்கொண்டே, "நீ படிச்சவரு. நீ சொல்லு சார். அதே கல்லுதானே இது?" என்று கேட்டாள்.

காதர் பாய் பொய் சொல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த வேலையை எனக்கு விட்டுவிட்டார்.

"அதேதான்மா" என்றேன். செல்வி உள்ளே போய் ஒரு தட்டில் நாலு இட்லி வைத்துக் கொண்டுவந்தாள். நின்றுகொண்டே சாப்பிட்டேன்.

அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அந்த ஒரு பொய்தான். அதைச் சாகும்வரை காப்பாற்றுவேன். இந்த ஞாயிறிலிருந்து நடைக்கு வருகிறேன். வருகிறவர்கள் காலை ஆறரைக்கு ராயபுரம் ரயில் நிலைய வாசலில் நில்லுங்கள். முனைக்குப் போனதும் செல்வியைப் பேச விடுங்கள். இதைப் படித்து உங்களுக்கு என்ன தெரிந்திருந்தாலும் அங்கே வாயை மூடிக்கொண்டு கேளுங்கள்.