மாட்டு வாசல்

அரண்மனை என்று யாராவது சொன்னால் உங்களுக்குச் சந்தனமும் பன்னீரும் மணக்கலாம். எனக்கு வௌவால் புழுக்கை நெடிதான் மூக்கில் ஏறும். உத்திரத்துக்கு உத்திரம் தலைகீழாகத் தொங்கிய அந்த ஜென்மங்களின் கழிசலும், மழையில் ஊறி ஊறி இற்றுப்போன சுண்ணாம்பும், கொல்லையில் கட்டியிருந்த மாடுகளின் மூத்திரமும் கலந்து ஒரு நெடி உண்டு. அதற்குள்தான் நான் பிறந்து, தவழ்ந்து, வாய்ப்பாடு ஒப்பித்து, ஒன்பது வயது வரை வளர்ந்தேன். ராஜகுமாரியாக அல்ல, வாடகைக்குக் குடியிருந்தவர்களின் பெண்ணாக.

துறையூர் போகிற சாலையில் இருந்தது அது. ஊர்ப் பெயர் வேண்டாம், அவர்களுக்கு நான் ஏன் விளம்பரம் செய்ய வேண்டும்? ஜமீன் ஒழிந்த பிறகு ராஜா என்று சொல்லிக்கொள்ள அந்த மனிதரிடம் மிச்சமிருந்தது மீசையும் ஒரு காரும்தான். காருக்கு இன்ஜின் கிடையாது, அதையும் விற்றுத் தின்றாகிவிட்டது. ஆனாலும் தினமும் அதைத் துடைக்கச் சொல்லி, பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து பேப்பர் படிப்பார். கதவைத் திறந்துவிட ஆள் வந்தால்தான் இறங்குவார். ஆள் வேறு வேலையாகப் போய்விட்டால் உள்ளேயே வெயிலில் வெந்துகொண்டிருப்பார். நாங்கள் தூண் மறைவில் நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். தேக்கு உத்திரங்களை ஒவ்வொன்றாகக் கழற்றி லாரியில் திருச்சிக்கு அனுப்பிய குடும்பம், அதுவும் போதாமல் பின்கட்டைத் தட்டி வைத்துத் தடுத்து எங்களைப் போன்றவர்களுக்கு வாடகைக்கு விட்டது. ஆனால் எங்களை வாடகைக்காரர்கள் என்று சொன்னால் அவர்களுக்குக் கௌரவக் குறைச்சலாம். "அண்டியிருக்கிறவங்க" என்பார்கள். ஒன்றாம் தேதி வாடகையை மட்டும் மறக்காமல் வாங்கிக்கொள்வார்கள்.

அங்கே இரண்டு வாசல்கள். சாலையைப் பார்த்து "ராஜ வாசல்". யானை நுழைகிற உயரத்தில், இரும்புக் குமிழ் அடித்த ஒற்றைத் தேக்குக் கதவு. அது திறப்பது அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு, அவர்கள் வீட்டுச் சாவுக்கு, ஊர்ச் சாமி புறப்பாட்டுக்கு. மற்றபடி ராஜாவே அந்தக் கதவில் வெட்டிய சின்னத் திட்டி வாசல் வழியாகக் குனிந்துதான் வருவார், அதுவும் பெருமைதான் அவருக்கு. பக்கத்துச் சந்தில் இருந்தது "மாட்டு வாசல்". சாணியை மிதித்து, மாடு தண்ணீர் குடிக்கிற குழுதாடியைச் சுற்றி, மாட்டின் வாலடிக்குத் தப்பி உள்ளே வர வேண்டும். பால்காரன், குப்பைக்காரி, அண்டியிருக்கிற நாங்கள், எல்லாருக்கும் அதுதான் வழி. என் அம்மா கல்யாணமாகி மாலையும் கழுத்துமாக வந்து நுழைந்ததே அதன் வழியாகத்தான். புதுப் பட்டுப்புடவைக் கொசுவத்தில் சாணி ஒட்டியதை இன்னும் சொல்லிக்காட்டுவாள்.

அப்பா திருச்சி துறையூர் பஸ்ஸில் கண்டக்டர். அரண்மனைக்கு முன்னால்தான் பஸ் போகும். ராஜ வாசல் கதவில், என் கண் உயரத்துக்கு, மரத்தின் முடிச்சு ஒன்று உதிர்ந்து கோலிக்குண்டு அளவுக்கு ஓட்டை இருந்தது. ஸ்கூல் லீவு விட்ட அந்தக் கோடையில் மத்தியானம் தவறாமல், பெரிய வீட்டார் தின்றுவிட்டுக் குறட்டை விடுகிற நேரம் பார்த்து, முன்கட்டுக்குத் திருட்டுத்தனமாக ஓடிப்போய் அந்த ஓட்டையில் கண்ணை வைத்துக்கொள்வேன். புழுதி கிளம்பும், பிறகு பஸ் வரும், படிக்கட்டில் காக்கிச் சட்டையோடு தொங்கிக்கொண்டு அப்பா வருவார். கதவுக்குப் பின்னால் நான் இருப்பது அவருக்குத் தெரியும். அங்கே ஸ்டாப்பே கிடையாது, ஆனாலும் எனக்காக விசிலை நீட்டி ஒரு ஊதல் ஊதுவார். டிரைவர் திட்டுவார். அந்த அரண்மனையில் எனக்குக் கிடைத்த ஒரே ராஜபோகம் அதுதான்.

லீவு முடிவதற்குள் ஒருநாள் பஸ் வந்தது, விசில் வரவில்லை. பஸ் கதவுக்கு நேராக வந்து நின்று ஹாரனை விடாமல் அடித்தது. ஓட்டை வழியாக டிரைவரின் முகம் தெரிந்தது, அழுதுகொண்டிருந்தார். டிக்கெட் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த அப்பாவைப் பின் சீட்டில் படுக்கவைத்து, பயணிகளோடு பஸ்ஸை நேரே வீட்டுக்கு ஓட்டி வந்துவிட்டார் அந்த மனிதர். வரும்போதே உயிர் போய்விட்டது.

அம்மா அடுப்பிலிருந்து அப்படியே ஓடி வந்து கதவை இரண்டு கையாலும் அறைந்தாள். கதவுக்கு இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அப்பா. சாவி வைத்திருந்த காரியஸ்தர் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து, எங்கள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "அண்டியிருக்கிறவங்களுக்கு நல்லதும் கெட்டதும் மாட்டு வாசல்தான்னு ராணியம்மா சொல்லிட்டாங்க. மத்தவங்க கெட்டதுக்கு ராஜ வாசலைத் தொறந்தா குடும்பத்துக்கு ஆகாதாம். சுத்திக் கொண்டாந்துருங்க."

"எந்தக் குடும்பத்துக்கு?" என்று கேட்டாள் அம்மா. அவர் சாவிக்கொத்தை மடியில் செருகிக்கொண்டார். அப்பா பக்கத்துச் சந்தில் சுற்றிக்கொண்டு சாணி வழியாக உள்ளே வந்தார், சாயங்காலம் அதே வழியாக வெளியே போனார். பாடை குழுதாடியில் இடித்துச் சாய்ந்தது எனக்கு நினைவிருக்கிறது. முன்வாசல் வழியாகப் போகக்கூடக் கொடுத்துவைக்கவில்லையே என்று அழுதவர்களிடம் அம்மா, "அழாதீங்க. அந்தக் கதவு வழியா ஒருநாள் நான் நடப்பேன்" என்றாள். அதன் பிறகு அவள் கேட்டு நான் அறிந்த ஆசை வேறு ஒன்றும் கிடையாது. திருவானைக்காவலில் ஜாக்கெட் தைத்து என்னைப் படிக்க வைத்தாள், இப்போது ஸ்ரீரங்கத்தில் என்னோடு இருக்கிறாள், எண்பதை நெருங்குகிறாள், முழங்கால் சொன்னபடி கேட்காது, வாய் மட்டும் நன்றாகப் பேசும்.

போன மாதம் பெங்களூரிலிருந்து என் பையன் போன் செய்தான். "பாட்டி இருந்த பேலஸ் இப்ப ஹெரிடேஜ் ஹோட்டல்மா. ரெண்டு பேருக்கும் ரூம் போட்டுட்டேன்." பாட்டி இருந்த பேலஸாம். அம்மா மட்டும் கண்ணைச் சுருக்கி, "முன்வாசல் தொறந்திருக்குமா, கேளு" என்றாள். திறந்திருக்கும் என்றான் அவன்.

கொள்ளிடம் தாண்டி, டோல்கேட் தாண்டி, கார் போய் நின்ற இடத்தில் அம்மா இறங்கவே இல்லை. கையில் ஆரத்தித் தட்டோடு பெண்கள் நிற்கிறார்கள், ஒருவன் சங்கு ஊதுகிறான், மேலே பித்தளை எழுத்தில் "வெல்கம் கேட்" என்று மின்னுகிறது. சந்து அதே சந்து. மாட்டு வாசல்! கல்லை மாற்றிச் சாந்து பூசி விளக்குப் போட்டால் எங்களுக்குத் தெரியாதா? அந்த வெயிலில் கோட் மாட்டிக்கொண்டு வேர்த்துக்கொண்டிருந்த மேனேஜர் ஓடி வந்து, முன்வாசல் கல்யாண போட்டோ ஷூட்டுக்குக் கொடுத்திருக்கிறது, விருந்தாளிகளுக்கு இதுதான் வழி என்றார்.

"தம்பி, நான் இதுல நுழைஞ்சது போதும். நாளைக்கு அந்த வழியா வெளிய விடுறியா, சொல்லு. இல்லேன்னா இப்படியே வீட்டுக்குப் போயிடுறேன்" என்றாள் அம்மா.

"கண்டிப்பாம்மா, நான் பாத்துக்கறேன்" என்றார். ஹோட்டல்காரன் வார்த்தை. பேரன் ஆசையாகப் போட்ட ரூம் ஆயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டு அம்மா இறங்கினாள். நெற்றியில் பொட்டு வைக்க வந்த பெண்ணின் கையைத் தட்டிவிட்டாள்.

ரூமுக்கு "மகாராணி சூட்" என்று பெயர். அது எங்கள் கட்டுக்குப் பக்கத்து மாட்டுக் கொட்டில். அம்மா வறட்டி தட்டிய சுவரில் வீணை வாசிக்கிற ராணி படம் மாட்டியிருந்தார்கள். அந்த ராணி வீணையைத் தொட்டு நான் பார்த்ததில்லை, வெற்றிலைச் செல்லத்தைத்தான் தொட்டுப் பார்த்திருக்கிறேன். பாத்ரூமில் வெள்ளைத் தொட்டியைப் பார்த்துவிட்டு அம்மா, "செவலை மாடு நின்ன எடத்துல என்னைக் குளிக்கச் சொல்றானுங்க" என்று காலை மட்டும் கழுவிக்கொண்டு வந்துவிட்டாள். சாயங்காலம் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய் மேனேஜர் அரண்மனையின் சரித்திரம் சொன்னார். அந்த இன்ஜின் இல்லாத காரை மேடை கட்டி ஏற்றி, விளக்கும் போட்டிருந்தார்கள். அதில் ஏறித்தான் ராஜா வைஸ்ராயைப் பார்க்க டெல்லி போனாராம். தள்ளிக்கொண்டு போனார்களா என்று கேட்க நாக்கு துடித்தது, அம்மா கையைக் கிள்ளினாள். காதில் இவ்வளவு பூச்சுற்றுகிறார்களே, கூட வந்தவர்களும் தலையை நீட்டி நீட்டி வாங்கிக்கொள்கிறார்களே, வெட்கமில்லாத கூட்டம்.

மறுநாள் காலை டிபனுக்குப் போனோம். ஹால் நடுவில் நீளமாக ஒரு மேஜை, மேலே தடித்த கண்ணாடி. இட்லி வந்தது, சட்னி வந்தது. நான் தட்டை நகர்த்தினேன். கண்ணாடிக்கு அடியில் இரும்புக் குமிழ் ஒன்று தெரிந்தது. இன்னொன்று. வரிசையாக. ராஜ வாசல் கதவைக் கழற்றிப் படுக்கப் போட்டு, மேஜைக் கால் வைத்து, எங்களுக்குச் சோறு போட்டிருக்கிறார்கள்! எழுந்து மேஜையைச் சுற்றிக்கொண்டு ஓடினேன். கீழ்ப்பாதியில், கோலிக்குண்டு அளவுக்கு, அது இருந்தது. ஓரத்தில் பித்தளை வளையம் வேறு பதித்திருந்தார்கள்.

என் முகத்தைப் பார்த்து மேனேஜர் உற்சாகமாக வந்தார். "நல்லா பாருங்க மேடம், வெள்ளைக்காரன் சுட்ட குண்டு தொளைச்ச ஓட்டை. ராஜா கதவைத் தொறக்க மாட்டேன்னு சொல்லி எதுத்து நின்னிருக்காரு."

அம்மா கையிலிருந்த இட்லியைத் தட்டில் வைத்தாள். "கதவைத் தொறக்கல, அது மட்டும் நெசம்" என்றாள். பிறகு குரலை உயர்த்தாமல், "குண்டும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல தம்பி. அது முடிச்சு உதிர்ந்த ஓட்டை. என் வீட்டுக்காரரு பஸ்ஸுல போறதை என் மக அதுல கண்ணை வெச்சுப் பாப்பா. அவரு பொணமா வந்தப்போ இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம்தான் கெடந்தாரு. யாராச்சும் கேட்டா இனிமே அதைச் சொல்லு" என்றாள். மேனேஜர் கோட்டின் பித்தானைத் திருகிக்கொண்டே, முன்வாசலில் ஷூட்டிங் இன்னும் முடியவில்லை, மத்தியானம் பார்க்கலாம் என்றார். அம்மா கம்பை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

முன்கட்டு முழுக்கப் பூவும் விளக்கும் குடையும். கல்யாணப் பெண் பாவாடையை விரித்துக்கொண்டு வாசல் நடுவில் நிற்கிறாள். காமிராக்காரன் கத்தினான்: "பாட்டி, ஃப்ரேம்ல வராதீங்க! ஓரமாப் போங்க!"

"ஓரமாத்தான் போனேன் இத்தனை வருஷம். நீ தள்ளு."

அந்தப் பெண்தான் பாவாடையைக் கையில் வாரிக்கொண்டு விலகினாள். "வாங்க பாட்டி" என்று தோளைத் தொட்டு வழிவிட்டாள். மகராசி, அந்த இடத்தில் நான் பார்த்த ஒரே மனுஷி. அம்மா படிக்கல்லில் கம்பை ஊன்றி, வலது காலை எடுத்து வைத்து, ராஜ வாசல் வழியாக வெளியே வந்தாள். சாலையோரம் நின்று திரும்பி அண்ணாந்து பார்த்தாள். அவள் அழுவாள் என்று நினைத்து நான் பக்கத்தில் போனேன்.

"இவ்வளவுதானாடி இது?" என்றாள். "இதுக்கா அவ்வளவு பவுசு?"

காரை எடுத்து வரச் சொல்ல நான் போனை எடுப்பதற்குள் துறையூர்ப் பக்கமிருந்து பஸ் வந்தது, அம்மா கையைக் காட்டிவிட்டாள். இப்போது அங்கே ஸ்டாப் இருக்கிறது, ஹோட்டல்காரர்களுக்காக வந்ததாம். பெட்டி படுக்கை எல்லாம் ரூமிலேயே கிடக்க, நானும் பின்னாலேயே ஏறினேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வௌவால்கள் போய்விட்டன, மாடுகள் போய்விட்டன, மீசையும் செல்லமும் போய்விட்டன, கதவு சட்னி சிந்தக் கிடக்கிறது; வாசல் மட்டும் பல் போன வாயாகத் திறந்து கிடந்தது. அப்பா தினமும் பார்த்த பக்கத்திலிருந்து, பஸ்ஸுக்குள்ளிருந்து, அதை நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

கண்டக்டர் படிக்கட்டில் நின்று விசில் கொடுத்தார், பஸ் கிளம்பியது. அம்மா கண்ணை மூடிக் கேட்டாள், உதட்டைப் பிதுக்கினாள்.

"ஹும். அவரு இன்னும் நீட்டி ஊதுவாரு."