பதினான்காவது கொடி

"...பதினாலு கொடி தம்பி, நல்லா எண்ணிப் பார்த்துட்டேன்! நான் ரெண்டு நாள் பொண்ணு வீட்டுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள நட்டுட்டுப் போயிருக்காங்க. எடுங்க ஆயிலை" என்றபடி இரண்டு காலி கேன்களோடு என் ஒர்க் ஷாப்புக்குள் நுழைந்தார் அவர்.

எடமலைப்பட்டி புதூரில் டூ வீலர் பழுது பார்ப்பது என் தொழில். அவர் பக்கத்திலுள்ள கோல்ஃப் மைதானத்தைப் பராமரிப்பவர். வெள்ளைக்காரர் காலத்து மைதானம், ஒன்பது குழி. இன்று பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு யார் வேண்டுமானாலும் ஆடலாம். காந்தி மார்க்கெட் வெங்காய மண்டிக்காரரும் காலேஜ் வாத்தியாரும் ஒரே குழிக்காக மல்லுக்கு நிற்பார்கள். நம் வெயிலுக்குக் குழியைச் சுற்றிப் புல் நிற்காது. அதற்குப் பதில் அவர் மணலில் பழைய எஞ்சின் ஆயிலைக் கலந்து, வட்டமாகப் பரப்பி, சாக்கை இழுத்து மட்டமாக்குவார். அந்த ஆயில் என் கடையிலிருந்துதான் போகும்.

"பதினெட்டு குழி ஆக்கப் போறோம்னு கிளப் பெரியவங்க ரொம்ப வருஷமாப் பேசிட்டிருந்தாங்கள்ல? ஆரம்பிச்சாச்சு."

"அண்ணே, ஒன்பதும் பதினாலும் இருபத்திமூணுல்ல வருது?"

"அஞ்சு ஸ்பேரா இருந்துட்டுப் போகட்டுமே!"

கேன்களை வண்டியில் கட்டிக்கொண்டு அவரோடு போனேன். உச்சி வெயில். மைதானத்தில் ஆள் அரவமே இல்லை. எத்தனையோ வருடமாகப் பார்க்கிறேன், கோல்ஃப் கொடிகள் ஒருபோதும் வரிசையில் நிற்காது. மேட்டில் ஒன்று, மரத்துக்குப் பின்னால் ஒன்று என்று ஒளிந்து விளையாடும். இவை அப்படி இல்லை. மதுரை ரோட்டுப் பக்கம் தொடங்கி, குட்டைக் கரையில் ஏறி இறங்கி, நூல் பிடித்த மாதிரி ஒரே கோட்டில் வந்தன. ஒவ்வொரு குச்சியிலும் சிவப்புத் துணி, பெயிண்டில் ஒரு எண். ஐந்து குச்சிகளைச் சுற்றி அவர் போட்ட வட்டம் கறுப்பாக மினுங்கியது.

"யாரையாவது கேட்டீங்களாண்ணே?"

"கேக்க என்ன இருக்கு? கொடின்னா குழி. குழின்னா மணலு. மணலுன்னா நானு."

இப்படி அடுக்கிப் பேசுவது அவர் வழக்கம். இதைக் கேட்கவே அவருக்கு ஆயிலைச் சும்மா கொடுப்பேன். அன்றைக்குச் சிரிக்க வரவில்லை.

கடைசிக் கொடி மட்டும் கோட்டிலிருந்து விலகி அவர் வீட்டருகே நின்றது. மைதானத்தின் ஓரத்திலேயே இரண்டு அறை வீடு. இரண்டு பெண்களையும் அங்கே வளர்த்துத்தான் கட்டிக்கொடுத்தார். பின்பக்கம் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், கையைக் கழுவிக்கொண்டு எழுந்து வந்தார்.

"இந்தச் செவப்புத் துணி நல்லதுக்குன்னு எனக்குத் தோணலைங்க. சொன்னா உங்க அண்ணன் கேக்க மாட்டேங்கறாரு."

"அதான் தள்ளி நட்டுட்டேன்லடி! தம்பி, இதை எங்க நட்டிருந்தாங்க தெரியுமா? சமையக்கட்டு சுவத்துல ஒட்டி! அங்க குழி வெச்சா பந்து நேரா கொழம்புச் சட்டியிலதான் விழும். புடுங்கி இருபது தப்படி இந்தாண்ட வெச்சுட்டேன்."

சுவரோரத்தில் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஒரு துளை மட்டும் இருந்தது.

அப்போதுதான் ஜீப் வந்தது. மூன்று பேர் இறங்கினார்கள். ஒருவன் தோளில் முக்காலி வைத்த அளவை மெஷின். முன்னால் வந்த இளைஞர் ஆயில் ஒட்டிய தன் ஷூவைத் தூக்கிப் பார்த்தார்.

"யாருங்க கொடியைச் சுத்தி ஆயிலைக் கொட்டி வெச்சிருக்கறது?"

"நான்தாங்க! இன்னும் ஒம்போதுதான் பாக்கி" என்றார் இவர் பெருமையாக.

அந்த இளைஞர் சிரித்திருந்தால்கூடத் தேவலை. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "பெரியவரே, இது விளையாட்டுக் கொடி இல்லைங்க. பைபாஸுக்குப் போற புது ரோடு. கொடி நிக்கற எடம் ரோட்டோட நடு லைன்."

இவர் கையிலிருந்த கேனை மெதுவாகக் கீழே வைத்தார்.

இளைஞர் படத்தை விரித்து வீட்டையும் கொடியையும் மாறி மாறிப் பார்த்தார். "பதினாலு இங்க வராதே... வீட்டு மேலல்ல போகணும்? யாராவது நகத்தினீங்களா?"

"இல்லீங்களே" என்றார் அக்கா, அவர் கேட்டு முடிப்பதற்குள். "நட்ட எடத்துலயேதான் இருக்கு."

இளைஞர் என்னைப் பார்த்தார். "ஆமாங்க" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

"நகத்தியிருந்தா மண்ணுல பழைய ஓட்டை இருக்கும். பார்த்துடலாம்" என்று இளைஞர் வீட்டுப் பக்கம் நடந்தார். மெஷின்காரன் முக்காலியைப் பிரிக்கத் தொடங்கினான்.

அண்ணன் அந்த இளைஞரை முந்திக்கொண்டு விறுவிறுவென்று போனார். சமையற்கட்டுச் சுவரோரம் திரும்பி நின்று, அந்தத் துளையின் மேல் தன் வலது காலை அழுத்தி வைத்து, கைகளைக் கட்டிக்கொண்டார்.