மூன்றாம் தண்ணீர்

எங்கள் வீட்டில் எழுத்துக் கூட்டாமல் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு அன்றும் வெட்கம் இருந்ததில்லை, இன்றும் இல்லை. அப்பா மண்ணச்சநல்லூரில் அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார். அம்மா தில்லை நகரில் ஒரு குழந்தைகள் கிளினிக்கில் பெருக்கித் துடைத்தாள். ஸ்ரீரங்கத்தின் வடக்கு ஓரத்தில், கொள்ளிடத்துக்குப் போகும் வழியில், தாத்தா விட்டுப்போன இரண்டு அறை ஓட்டு வீட்டில் இருந்தோம். ரேஷன் அட்டையிலிருந்து கரண்ட் பில் வரை அந்த வீட்டுக்குள் வரும் எந்தக் காகிதமும் என் கைக்குத்தான் வரும். அப்போது எனக்குப் பத்து வயது.

அந்த மே மாதம் என் தலைக்குள் ஒரே ஒரு கிழமைதான் ஓடிக்கொண்டிருந்தது: புதன். ஜங்ஷன் பக்கம் இருந்த ஒரு பெரிய பள்ளியில் ஆறாம் வகுப்புக்குத் தேர்வு வைத்தார்கள். தேறிவிட்டால் விடுதியும் படிப்பும் அவர்கள் பொறுப்பு. எங்கள் வகுப்பிலிருந்து டீச்சர் அனுப்பியது என்னை மட்டும்தான். பெருக்கல் வாய்ப்பாட்டைக் குளிக்கும்போதும் முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

அதே மாதத்தில்தான் அத்தை மலேசியாவிலிருந்து விடுமுறைக்கு வந்தாள். அப்பாவின் ஒரே தங்கை. கூடவே மாமாவும், ஆறு வயதில் ஒரு பெண்ணும். அந்தப் பெண்ணுக்கு எங்கள் வீட்டில் எல்லாமே வேடிக்கை. ஓட்டில் ஓடும் பல்லி வேடிக்கை, கைப்பம்பு வேடிக்கை, நான் சத்தம் போட்டுப் படிப்பது எல்லாவற்றையும்விட வேடிக்கை.

வந்த நாலாம் நாள், வியாழக்கிழமை சாயங்காலம், மாமா பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஃபைலை எடுத்தார்.

"பட்டாவுல பேரு மாத்தறதுக்கு மச்சான். இன்னும் மாமனார் பேருலயே கெடக்குது பாருங்க. திங்கக்கெழம ரிஜிஸ்டர் ஆபீஸ்ல வந்து ஒரு கைநாட்டு வச்சிட்டீங்கன்னா போதும். மிச்சத்த நான் ஆள வச்சு முடிச்சிடுவேன்."

அப்பாவுக்கு மாப்பிள்ளை சொன்னால் சொன்னதுதான். ஆனால் வீட்டுக்குள் ஒரு காகிதம் வந்து நான் அதைப் படிக்காமல் போவதை அவரால் தாங்க முடியாது.

"பாப்பா, மாமாவுக்குப் படிச்சுக் காட்டு."

"அதெல்லாம் எதுக்கு மச்சான்? வக்கீல் தமிழு. சின்னப் புள்ளைக்கு நாக்கு சுளுக்கிக்கும்."

என் நாக்கைப் பற்றி அப்படி ஒருவர் சொல்லிவிட்ட பிறகு நான் சும்மா இருப்பேனா? ஃபைலை வாங்கி, எழுந்து நின்று, பள்ளி ஆண்டு விழாவில் பேசுவதுபோல் படித்தேன். "மேற்படி சொத்தைக் கிரயம் செய்து கொடுக்கவும், கிரயத் தொகையைப் பெற்றுக்கொள்ளவும், சுவாதீனம் ஒப்படைக்கவும், என் சார்பில் முழு அதிகாரம் அளித்து..." ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை. ஒரு வரியும் எனக்குப் புரியவில்லை. அப்பா தொடையில் தட்டிச் சிரித்தார். "பாத்தீங்களா மாப்ள! தண்ணி கெணக்கா ஓடுது!" அவர் கேட்டுக்கொண்டிருந்தது என் குரலை மட்டும்தான்.

அடுப்படியில் அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவும் சத்தம் நின்றது.

"கடைசியா படிச்சியே, அத இன்னொரு தடவ படி பாப்பா."

அம்மாவும் ரசிக்கிறாள் என்று நினைத்து, இன்னும் சத்தமாகப் படித்தேன். மாமா எழுந்து சிகரெட் பிடிக்க வெளியே போய்விட்டார். துருவும் சத்தம் மறுபடி தொடங்கியது.

மறுநாள் வெள்ளிக்கிழமை, வேன் பிடித்துச் சமயபுரம் போனோம். மகள் குறைமாதத்தில் பிறந்தபோது, பிழைத்தால் மொட்டை போடுவதாக அத்தை வேண்டிக்கொண்டிருந்தாள். கோயில் வாசலில் மனசு மாறிவிட்டது. "அடுத்த தடவ பாத்துக்கலாம் அண்ணி. ஸ்கூல் தொறந்ததும் இவளுக்கு டான்ஸ் இருக்கு." சின்னக்கடைத் தெருவில் வாங்கிய விறைப்பான வலைக் கவுனை மாட்டிக்கொண்டு, கத்திரி வெயிலில் அந்தக் குழந்தை நாள் முழுக்க வெந்தது.

சனிக்கிழமை காலையில் அத்தை போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. குழந்தையின் முதுகிலும் கழுத்திலும் வயிற்றிலும் நீர் கோத்த சின்னச் சின்னக் கொப்புளங்கள். உடம்பும் லேசாகச் சுட்டது. அம்மா வந்து, பனியனைத் தூக்கிவிட்டு, வெளிச்சத்தில் திருப்பி, வெகுநேரம் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளையும் சேர்த்துக் கும்பிட்டாள்.

"ஆத்தா வந்திருக்கா."

அத்தைக்கு முகம் வெளுத்துவிட்டது.

"தில்லை நகர்ல நீங்க வேல பாக்குற டாக்டர்கிட்டயே காட்டிடலாமே," என்றார் மாமா.

"அம்மை கண்ட ஒடம்புல ஊசி படலாமாண்ணே? கண்ணுக்குள்ள எறங்கிட்டா யாரு பதில் சொல்றது? சொன்னத செய்யாம வந்தோம். அவளே வீடு தேடி வந்துட்டா."

அந்தக் கடைசி வார்த்தையில் அத்தை உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்த இடத்திலேயே அழ ஆரம்பித்தாள்.

நான் குழந்தையின் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னிப்பாகக் கவனிப்பதுதான் அறிவியல் என்று டீச்சர் சொல்லியிருந்தார். கவனித்தேன். கண்டதைச் சொன்னேன்.

"அம்மா, கையில ஒண்ணுகூட இல்லம்மா. மூஞ்சிலயும் இல்ல. கவுனு போட்ட எடத்துல மட்டும்தான் இருக்கு."

அம்மா என்னை அறைந்தாள். அதுவரை அவள் என்னை அடித்ததில்லை. எங்கள் தெருவில் அடி வாங்காத ஒரே பிள்ளை என்று எனக்குப் பேர்.

"ஆத்தாவப் பாத்துக் கணக்குப் பண்ற வயசாடி ஒனக்கு? கன்னத்துல போட்டுக்க!"

போட்டுக்கொண்டேன். அறை விழுந்த கன்னத்திலேயே.

அன்று மத்தியானத்துக்குள் வாசலில் வேப்பிலைக் கொத்து தொங்கியது. சட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன. தாளிக்கக் கூடாது. தலைவாரக் கூடாது. வெளியாட்கள் உள்ளே வரக் கூடாது, உள்ளே இருப்பவர்கள் படி தாண்டக் கூடாது. சண்டை கூடாது, குரல் உயரக் கூடாது. மூன்று தண்ணீர் ஊற்றி ஆத்தாவை அனுப்பிவைக்கும்வரை வீட்டில் எந்தக் காரியமும் கூடாது. முதல் தண்ணீர் செவ்வாய், இரண்டாவது வியாழன், மூன்றாவது சனிக்கிழமை என்று அம்மா விரல் விட்டுச் சொன்னாள்.

நான் எண்ணியது புதனை மட்டும்தான்.

"திங்கக்கெழம ஆபீஸ்?" என்று மாமா மெதுவாகக் கேட்டார்.

"ஆத்தா இருக்கையில வீட்டுப் பத்திரத்துல கை வைக்கறதா? என்ன மாப்ள நீங்க!" அப்பாவே சொல்லிவிட்டார். அம்மா வாயைத் திறக்க வேண்டியிருக்கவில்லை.

வேப்பிலையில் படுக்கவைத்து, மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசி, இளநீரும் நுங்கும் கொடுத்ததில் கொப்புளங்கள் திங்கட்கிழமையே வாடிவிட்டன. கவுன் மாட்டாமல் விட்டதே போதுமாக இருந்திருக்கும். "ஆத்தா மனசு எறங்கிட்டா," என்றாள் அம்மா. ஆனால் சட்டங்கள் இறங்கவில்லை. மாமா கொல்லைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே போனில் யாரிடமோ, "கொஞ்சம் பொறுங்க, வீட்ல அம்மை," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

செவ்வாய்க்கிழமை முதல் தண்ணீர் ஊற்றிய பிறகு அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

"நாளைக்குப் பரிச்சைம்மா. காலைல போயிட்டு மத்தியானம் வந்துடுவேன். யாரையும் தொட மாட்டேன்."

"போயி அங்க நாலு புள்ளைங்களுக்கு ஒட்டிக்கிட்டா?"

"அவளுக்குத்தான் சரியாயிடுச்சே."

"ஒரு ஆளு படி தாண்டினா எல்லாரும் தாண்டுவாங்கடி."

இதற்கு என்ன அர்த்தம் என்று நான் யோசிக்கவில்லை. அழுதேன். அழக் கூடாது, ஆத்தாவுக்கு ஆகாது என்று அத்தை அதட்டினாள்.

புதன்கிழமை காலை டீச்சர் தன் ஸ்கூட்டியில் வந்தார். நான் வரவில்லை என்றதும் தேடிக்கொண்டு வந்திருந்தார். ஜன்னல் கம்பியில் முகத்தைப் பதித்துக்கொண்டு நின்றேன். டீச்சருக்கு எல்லாம் தெரியும். அவர் உள்ளே வந்து குழந்தையை ஒரு பார்வை பார்த்தால் போதும். வண்டியை நிறுத்தினார். வேப்பிலைக் கொத்தைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, தெருவில் நின்றபடியே கும்பிட்டார்.

"சரிங்கம்மா, ஆத்தா நல்லபடியா எறங்கட்டும். புள்ளைக்கு வேற ஸ்கூல் கெடைக்காமலா போயிடும்?"

ஸ்கூட்டியின் சத்தம் தெருமுனை திரும்பும்வரை கேட்டது.

சனிக்கிழமை மூன்றாம் தண்ணீர். ஞாயிற்றுக்கிழமை மதியம் விமானம். கிளம்பும்போது அத்தை அம்மாவின் கால்களைத் தொட்டாள். "நீங்க இல்லன்னா எம் புள்ள என்னாயிருக்கும் அண்ணி?" அம்மா பதறிப்போய் அவளைத் தூக்கி, குழந்தைக்குத் திருநீறு பூசிவிட்டாள். "அடுத்த லீவுக்கு முடிச்சிடலாம் மச்சான்," என்று சொல்லிவிட்டு மாமா ஃபைலைப் பெட்டிக்குள் வைத்தார்.

அடுத்த லீவு வருவதற்குள் அம்மா என்னை உட்காரவைத்து ஒரு மனு எழுதச் சொன்னாள். தாலுகா ஆபீசுக்கு நாலைந்து தடவை அப்பாவை இழுத்துக்கொண்டு அலைந்தாள். பட்டா அப்பா பேருக்கும் அத்தை பேருக்கும் சேர்ந்தே மாறியது. அத்தையின் பங்கை அம்மா ஒருநாளும் இல்லையென்று சொன்னதில்லை. நானோ அந்த மனுவில் "பணிவுடன்" என்பதை அழகாக எழுதியிருக்கிறேன் என்பதை மட்டும் பார்த்துக்கொண்டேன். அந்த ஜூனில் தெருப்பிள்ளைகளோடு மாநகராட்சிப் பள்ளியில் சேர்ந்தேன். அம்மாவோடு வெகுநாள் சரியாகப் பேசவில்லை. படிப்பறிவில்லாதவள், அவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். ஒருமுறை முகத்துக்கு நேராகவே சொன்னேன். அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை.

விடுதிக்குப் போகாமலேயே படித்தேன். எங்கள் வீட்டின் முதல் பட்டம் என்னுடையது. அது யாரும் தூக்கிக் கொடுத்ததல்ல. ஆனால் கல்லூரிக் கடனுக்கு அந்த வீட்டைத்தான் ஈடு வைக்கவேண்டியிருந்தது. வங்கியில் மேலாளரின் மேஜைக்கு முன்னால் பத்திரத்தைப் புரட்டியபோது, கிரயம், சுவாதீனம், முழு அதிகாரம் என்று அன்று நான் எழுந்து நின்று ஒப்பித்த சொற்கள் ஒவ்வொன்றாக எதிரே வந்தன. இந்தத் தடவை புரிந்தன: மாமா கேட்ட கைநாட்டு, வீட்டை விற்கும் அதிகாரத்துக்கு. நின்ற தேங்காய்த் துருவல் சத்தமும் கூடவே வந்தது.

எட்டு வருடம் குழந்தைகள் கிளினிக்கைப் பெருக்கியவள் என் அம்மா. ராத்திரிச் சோற்றின்போது அன்றைக்கு வந்த பிள்ளைகளைப் பற்றிச் சொல்லுவாள். "இன்னைக்கு அம்மை ரெண்டு, வேர்க்குரு ஏழு. பாவம், வேர்க்குருவுக்கும் அழுதுகிட்டே வருதுங்க." டாக்டர் பார்ப்பதற்கு முன்பே, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அவளுக்குத் தெரிந்துவிடுமாம். இதையெல்லாம் கேட்டு வளர்ந்தவள்தான் நான்.

சென்ற வருடம் அவளிடம் நேராகவே கேட்டேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"ஆத்தா பேரச் சொல்லி யாராவது பொய் சொல்லுவாங்களாடி?"

"என் பரிச்சைம்மா?"

கீரைத் தண்டை ஒடித்துக்கொண்டே இருந்தாள். "நீதான சத்தமா படிச்ச," என்றாள்.

அவ்வளவுதான். அந்த வீட்டில் அன்று ஏழு நாட்கள் அடைபட்டுக் கிடந்த ஆறு பேரில், படித்தவள் என்று பேர் வாங்கியவள் நான் ஒருத்திதான். அத்தை அறியாமல் நம்பினாள், அப்பா பக்தியில் நம்பினார், மாமா பயந்து நம்பினார். குழந்தையின் கைகளைத் திருப்பிப் பார்த்தவள் நான் மட்டும். அம்மா அறைந்தபோது அவள் கை நடுங்கியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆத்தாவிடம் உள்ள பயம் என்று பல வருடம் எண்ணியிருந்தேன்.