சீக்கிரம் வந்த கையெழுத்து

அரசுக் கட்டடங்களைக் கட்டும் அலுவலகம் ஒன்றில் அப்போது நான் கணக்கு அதிகாரி. புதுச்சேரியில் புல்வார் என்று சொல்லும் பழைய நகரப் பகுதிக்குள், ஒரு காலத்துப் பிரெஞ்சுக்காரர் வீடு ஒன்றில்தான் அலுவலகம் நடந்தது. இஞ்சினியர்கள் எஸ்டிமேட் போடுவார்கள். நான் அதில் ஓட்டை தேடுவேன். சம்பளமே அதற்குத்தான். வீட்டுக்கு வரும் மளிகை பில்லைக்கூட இரண்டு தரம் கூட்டிப் பார்ப்பேன் என்று என் கணவர் கேலி செய்வார்.

இரண்டாயிரமாவது ஆண்டுக்குப் பிறகு, ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் வார்டை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டம் வந்தது. மருத்துவமனைக் கோப்பு நிதித் துறைக்குப் போனால் லேசில் திரும்பாது. ஒரே ஒரு கேள்வியோடு வரும். பதில் எழுதினால் இன்னொரு கேள்வியோடு வரும். இந்தக் கோப்போ போன மறுநாளே கையெழுத்தோடு வந்துவிட்டது. ஒரு கேள்விகூட இல்லை.

எங்கள் இஞ்சினியருக்குத் தலைகால் புரியவில்லை. எல்லாருக்கும் போண்டா வாங்கிவரச் சொன்னார். என்னால் அதைச் சாப்பிட முடியவில்லை.

"எப்படி சார் இவ்ளோ சீக்கிரம் வந்துச்சு?"

"லேட்டா வந்தாலும் கேக்குறீங்க, சீக்கிரம் வந்தாலும் கேக்குறீங்க. சந்தோஷப்படுங்க மேடம்."

எஸ்டிமேட்டை மறுபடி எடுத்து வரி வரியாகப் பார்த்தேன். கம்பி, சிமெண்ட், தரை, தண்ணீர்க் குழாய், எல்லாம் சரியாகத்தான் இருந்தன. இவ்வளவு சரியாக இருந்தது எனக்கு இன்னும் உறுத்தியது.

ஒரு மத்தியானம் யாரிடமும் சொல்லாமல் ஆள் ஏற்றும் ஷேர் டெம்போ பிடித்து மருத்துவமனைக்குப் போனேன். வாசலில் எங்கள் இஞ்சினியரும் ஒரு காண்ட்ராக்டரும் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் பேச்சு நின்றுபோனது. டெண்டரே இன்னும் விடவில்லை. அதற்குள் காண்ட்ராக்டருக்கு இங்கே என்ன வேலை? "ரிப்பேர் வேலை நடக்குது மேடம்" என்றார் காண்ட்ராக்டர், நான் கேட்காமலே. திரும்பும்போது காரில் விடுவதாகவும் சொன்னார். வேண்டாம் என்று உள்ளே போனேன்.

ரிப்பேர் நடந்தது உண்மைதான். வார்டின், மரக்கட்டை அடுக்கிக் காரை பூசிய கூரையில் ஒரு மூலை பெயர்ந்து, சாரம் கட்டியிருந்தார்கள். அங்கிருந்த நர்ஸிடம் விசாரித்தேன்.

"மழையில காரை விழுந்துச்சு மேடம். கட்டில்ல ஒரு பொண்ணு படுத்திருந்துச்சு, தலைமாட்டுலயே விழுந்துச்சு. அதோட தாத்தா செக்ரடேரியட்ல பெரிய ஆபீசராம்."

அந்தத் தாத்தா யாரென்று அலுவலகத்தில் விசாரித்தேன். கோப்பில் கையெழுத்துப் போட்ட நிதித் துறை அதிகாரியேதான். காரணம் கிடைத்துவிட்டது. ஆனாலும் மனசு ஆறவில்லை. பேத்திக்காகப் போட்ட கையெழுத்தென்றால், அதைத் தெரிந்துகொண்ட யாராவது அதற்குள் எதையாவது நுழைக்கமாட்டார்களா?

நான் நினைத்தபடியே ஒன்று வந்தது. டெண்டருக்கு முன் திருத்திய வரைபடத்தில், மாடியில் ஏசியும் தனி பாத்ரூமும் வைத்து ஒரு ஸ்பெஷல் அறை முளைத்திருந்தது. குழந்தைகள் வார்டில் யாருக்கு இது, யார் கேட்டார்கள் என்று கோப்பில் எழுதி, இஞ்சினியரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் நிதித் துறைக்கு அனுப்பினேன்.

அந்த அதிகாரி என்னை நேரில் வரச் சொன்னார். கடற்கரைச் சாலையில் நடந்து போகும்போதே திட்டு வாங்கத் தயாராகிவிட்டேன்.

"இந்த ரூம் எனக்குன்னு நெனச்சீங்களா?" என்று கேட்டார்.

"ஆமா சார்."

அவர் கோபப்படவில்லை. "எனக்கில்ல. யாருக்குன்னும் தெரியல. எடுத்துடுங்க" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "பேத்தி பக்கத்துல காரை விழுந்ததப் பாத்துட்டு வந்து போட்ட கையெழுத்து அது. நான் எதையும் படிக்கல. வேற யாரும் படிக்காம விட்டுட்டாங்களோன்னு பயந்துட்டே இருந்தேன்."

"நான் படிச்சேன் சார். அறையைத் தவிர மத்தது சரியா இருக்கு."

தலையாட்டினார். அப்போதுதான் அவரை நம்பினேன்.

அந்த அறையை எடுத்துவிட்டு, அதே இடத்தில் தாய்மார்கள் உட்கார்ந்து பால் கொடுக்க ஓர் அறை கட்டினோம். வார்டும் நல்லபடியாக எழுந்தது. எங்கள் இஞ்சினியர்தான் என்னோடு டீ குடிப்பதை நிறுத்திவிட்டார். கோப்புகளைப் பியூன் கையில் கொடுத்தனுப்புவார். எதிரே வந்தால் வணக்கம் மட்டும் சொல்வார்.

திறப்பு விழா முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது அவரே என்னிடம் வந்தார்.

"அந்த ரூமை நான் போடல மேடம். மேலேர்ந்து வாய்மொழியா சொன்னாங்க, வரைஞ்சேன். நீங்க ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"யார் சொன்னாங்க சார்?"

அவர் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் சொன்னது உண்மையாகக்கூட இருக்கலாம். அதன் பிறகு நாங்கள் ஒரே அலுவலகத்தில் வெகுகாலம் வேலை பார்த்தோம். அதைப் பற்றி மட்டும் பேசிக்கொள்ளவே இல்லை.