மூன்றாம் வகுப்பில் மிஞ்சிய முக்கோணம்

வடிவியல் நடத்துகிற வாத்தியாருக்கு எங்கே போனாலும் கண் மூலை முடுக்கில்தான் போய் நிற்கும். என்னைப் போலவே சுண்ணக்கட்டித் தூளை விழுங்கிக் காலம் தள்ளிய வாத்தியார்களான உங்களுக்கு இதை நான் சொல்லியா தெரிய வேண்டும்?

அறுபதுகளின் தொடக்கத்தில் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு சின்னத் தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு என் பொறுப்பு. கடை மாடியில் பலகை தடுத்த ஓர் அறையில் தனிக்கட்டை. மத்தியானம் பிள்ளைகள் போய்விட்டால் மறுநாள் காலை வரை என்னோடு பேச ஆள் கிடையாது. அந்த வகுப்பும் வருஷத்துக்கு வருஷம் இளைத்துக்கொண்டே வந்தது. "இன்னும் கொஞ்சம் குறைஞ்சா மூட வேண்டியதுதான்" என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பெயர் கூப்பிட்டு முடித்ததும் தலைகளை இன்னொரு தரம் எண்ணிப் பார்ப்பேன்.

வட்டமாக ஏதாவது

"நாளைக்கு வீட்டிலேர்ந்து வட்டமா ஏதாவது எடுத்துட்டு வாங்க" என்றேன். ஆப்பச்சட்டி மூடி வந்தது, மிட்டாய் டப்பா மூடி வந்தது, ஒருத்தி அம்மாவின் வளையலையே கழற்றிக்கொண்டு வந்துவிட்டாள். பஃபலோ ரோட்டுப் பால்காரர் மகன் செல்வம் ஒரு வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்தான். உள்ளே, விரல் பதிந்த வரட்டி! வகுப்பே மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

"அடப்பாவி, இதையாடா கொண்டு வருவே?" என்று கத்தினேன். அவனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"வட்டமா இருக்கணும்னுதானே சார் சொன்னீங்க, வாசமா இருக்கணும்னு சொல்லலையே!"

முர்த்தபா

செங்கோணத்துக்குக் காகிதம்தான் என் கருவி. இரண்டு தரம் மடித்தால் மூலை கச்சிதமாக வந்துவிடும். அது எப்போதும் சட்டைப்பையில் கிடக்கும்.

ராச்சாப்பாடு என் மாணவி சல்மாவின் அத்தா கடையில். மாவை வீசி, முட்டையும் கறியும் வைத்து, நாலு பக்கமும் மடித்து முர்த்தபா போடுவார். ஒரு நாள் எதிரே ஆளில்லாத சலிப்பில் காகிதத்தை எடுத்து முர்த்தபாவின் மூலையில் வைத்துப் பார்த்தேன். "பாய், இந்த மூலை கொஞ்சம் விரிஞ்சிருக்கே?" என்றேன். கரண்டியை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். கேட்காமலேயே ஒரு டீ கொண்டுவந்து வைத்தார்.

"தனியா உக்காந்து சாப்பிடறவங்களுக்குத்தான் சார் இதெல்லாம் கண்ணுல படும்."

பால்காரர் வந்தார்

வருஷக் கடைசியில் செல்வத்தின் அப்பா வந்தார். பையனை இங்கிலீஷ் ஸ்கூலில் போடப் போகிறாராம். "கணக்குல கெட்டிக்காரன், நடுவுல மாத்திக் கெடுத்துடாதீங்க" என்று சண்டைக்கே போய்விட்டேன். வாய் பையனுக்காகப் பேசியது. மனசு எனக்காகத்தான் கெஞ்சியது. அவர் கோபிக்கவில்லை.

"உங்க மேல ஒரு குறையும் இல்ல சார். ஹார்பர்ல வேலைக்குப் போய் நின்னா, பேரையே இங்கிலீஷ்லதான் கேக்கறான் லா."

கடைசி நாள்

செல்வத்தின் அப்பாவைப் பார்த்து மற்றவர்களும் தங்கள் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து எடுத்துவிட்டார்கள். மூன்றாம் வகுப்பை மூடுவதென்று முடிவாகிவிட்டது. கடைசி நாளன்று பேய் மழை. சல்மா மட்டும் தொப்பலாக நனைந்து வந்தாள். அடுத்த வருஷம் அவளும் இங்கிலீஷ் ஸ்கூல்தான்.

ஒரு பிள்ளைக்காகப் பாடமா என்று விட்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை. பலகையில் முக்கோணம் போட்டு, "இதுக்கு எத்தனை பக்கம்?" என்றேன்.

"மூணு. இங்கிலீஷ் ஸ்கூல்லயும் மூணுதானே சார்?"

"எங்க போனாலும் மூணுதாம்மா." கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அவள் பார்க்காமல் இருக்கப் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"அப்ப நீங்களும் அங்கேயே வந்துடுங்க சார். மூணுதான்னு உங்களுக்குத்தான் தெரியுமே!"

வாஸ்தவம்தான், ஆனால் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் 'எஸ்' ஒரு பக்கம், 'நோ' ஒரு பக்கம் என்று போட்டால், முக்கோணத்துக்கு ஒரு பக்கம் குறைகிறதே!