சாம்பசிவன் மாமாவின் படகும் என் நோட்டீஸும்

எங்கள் அடுக்குமாடியில் பன்னிரண்டு வீடு, பதினோரு கார், ஒரு படகு. கரமனையில்தான் ஆறு இருக்கிறதே, படகு இருந்தால் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். இந்தப் படகு நான்கு வருஷமாக ஆற்றைப் பார்த்ததில்லை. விருந்தாளிகள் வண்டி நிறுத்தும் இடத்தில், என் காருக்குப் பக்கத்தில், மரக்கட்டைகள்மேல் உட்கார்ந்திருந்தது. நான் அசோசியேஷன் செக்ரட்டரி, பெயர் ஸ்மிதா. கோபக்காரி என்று சொல்வார்கள். சொல்கிறவர்கள் வண்டியைக் கோட்டுக்குள் நிறுத்தினால் நான் ஏன் கோபப்படப் போகிறேன்?

படகின் சொந்தக்காரர் தரைத்தளத்து சாம்பசிவன் மாமா. வயது அறுபத்தெட்டு. குடிநீர்த் துறையில் வரைபடம் போடும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊரில் எந்தக் குழாய் எங்கே திரும்ப வேண்டும் என்று முப்பத்தைந்து வருஷம் கோடு போட்டவருக்கு, ஓய்வு பெற்ற மறுநாளே கோடு போட ஒன்றும் இல்லாமல் போயிற்று. அப்படிச் சில வருஷம் போன பிறகுதான் வேளிப் பக்கம் மூடிப்போன ஒரு ஹோட்டலின் பின்னால், தென்னை ஓலைக்கு அடியில் அந்தப் படகைப் பார்த்தார். 1966-ல் செய்த மர ஸ்பீட்போட், பதினான்கு அடி. வேண்டுமானால் சும்மா எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள். ஓசியில் கிடைத்தால் பினாயிலையும் குடிக்கிற உலகம் இது, படகை விடுவாரா? வாழைக்குலை ஏற்றும் லாரியில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்.

அவர் மனைவி சீதாலக்ஷ்மி மாமி அன்றைக்கே சட்டம் போட்டாள்.

"பென்ஷன்லேருந்து ஒரு பைசா இதுக்குப் போச்சுன்னா, நான் பெங்களூருக்குப் பொண்ணாத்துக்குப் போயிடுவேன், கேட்டேளா?"

ஆகவே மாமா காசில்லாமல் படகு கட்ட ஆரம்பித்தார். படகின் உள்ளே விலா எலும்புபோல வளைந்து நிற்கும் சட்டங்கள் உளுத்துப்போயிருந்தன. புதுச் சட்டத்தை வளைக்க நீராவி வேண்டும். மாமியின் ஐந்து லிட்டர் குக்கரிலிருந்து ஒரு ரப்பர் குழாய், அது போய்ச் சேர்வது ஒரு பழைய இரும்புக் குழாயில், அதற்குள்ளே மரச்சட்டம். ஒரு மணி நேரம் வெந்ததும் கைக்குத் துணி சுற்றிக்கொண்டு சட்டத்தை உருவி, சூடு ஆறுவதற்குள் வளைத்து அமுக்குவார். அன்று அந்த வீட்டில் பருப்பு வேகாது. பலகைக்குப் பசை போட்டால் மேலே பாரம் வைக்க வேண்டும். அதற்கு வீடு வீடாகப் போய் அம்மிக் குழவி வாங்கி வந்தார். என் கணவர் ஹரிஷங்கர் வாங்கி ஒரு நாளும் தூக்காத டம்பெல்ஸ் முதல் முதலாக உபயோகப்பட்டது அந்தப் படகின் மேல்தான். ஸ்டியரிங் ஓர் அம்பாசிடருடையது. இருக்கைகள் மூடிய சினிமாக் கொட்டகையுடையவை, ஒன்றின் முதுகில் இன்னமும் எஃப் 14 என்று எழுதியிருந்தது. எஞ்ஜின் விழிஞ்ஞத்து மீனவர் ஒருவர் கழித்துப் போட்டது. அதற்கு விலையாக மாமா அவருக்கு வீட்டு பிளான் வரைந்து கொடுத்தார்.

இதெல்லாம் சாமர்த்தியம்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் முடிய வேண்டாமா?

"எப்போ மாமா முடியும்?"

"ஆச்சு ஸ்மிதா. இனி வார்னிஷ் மட்டும்தான்."

வார்னிஷ் அடித்தார். காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து எடுத்தார். மறுபடியும் அடித்தார். மறுபடியும் தேய்த்தார். பதினோராவது தடவை தேய்த்த தூசி முழுக்க என் வெள்ளைக் கார்மேல் படிந்த அன்றுதான் முதல் நோட்டீஸைக் கொடுத்தேன். அந்த இடம் வாகனங்களுக்கு மட்டுமே, படகுக்குச் சக்கரம் இல்லை, ஆகவே அது வாகனம் ஆகாது என்று எழுதினேன். புஷ்பக விமானத்துக்கும் சக்கரம் கிடையாது என்று பதில் வந்தது. அழகான கையெழுத்து வேறு. எனக்கு உச்சந்தலைவரை ஏறியது.

கூட்டம் போட்டுத் தீர்மானம் நிறைவேற்றினேன். நவராத்திரி அஷ்டமி ராத்திரிக்குள் படகு வெளியே போக வேண்டும். இல்லாவிட்டால் நவமி காலையில் பழைய சாமான் லாரி வரும். மாமா படகின் பக்கவாட்டைத் தடவிக்கொண்டே நின்றார். எனக்கு லேசாக வலித்தது, ஆனாலும் விடவில்லை.

நவமி காலை ஏழு மணிக்கு, பழைய இரும்பு வாங்கும் லிங்கத்தை அழைத்துக்கொண்டு கீழே இறங்கினேன். திசையன்விளைக்காரர், பத்து வருஷமாக இங்கேதான் மினிலாரி ஓட்டுகிறார். பார்த்தால், படகுக்குச் சந்தனம், குங்குமம், செவ்வரளி மாலை. இரண்டு பக்கமும் வாழைக்கன்று. முன்னால் குத்துவிளக்கு, சரஸ்வதி படம். மாமா முதல்நாள் சாயங்காலமே படகைப் பூஜைக்கு வைத்துவிட்டார்! இங்கே மலையாள முறைப்படி அஷ்டமி சாயங்காலம் பூஜைக்கு வைத்த புஸ்தகம், கருவி, வண்டி எதையும் விஜயதசமி காலை எடுக்கும்வரை யாரும் தொடக்கூடாது. குழந்தைகள் வருஷம் முழுக்க ஆசையோடு காத்திருக்கும் விரதம் இது ஒன்றுதான், படிக்க வேண்டாமே.

லிங்கம் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"யம்மா, சாமிக்கு வச்ச பொருளு. நான் தொட மாட்டேன். எங்க வீட்டுல தராசையே பூசையிலதான் வச்சிருக்கேன்."

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. மாலையின் மறுமுனை என் காரின் கண்ணாடியில் கட்டியிருந்தது. காரின் நெற்றியிலும் சந்தனம். என் கார்ச்சாவி சரஸ்வதிக்கு முன்னால், வெற்றிலைத் தட்டில்! எடுத்துக் கொடுத்தது யார் என்று கேட்க வேண்டியதே இல்லை. என் கணவரின் பனியனில் ஒரு மாதமாகவே வார்னிஷ் வாசனை.

"வருஷா வருஷம் காருக்குப் பூஜை போடணும்னு நீதானே சொல்லுவாய்?" என்றார், முகத்தைப் பால்போல வைத்துக்கொண்டு.

எங்கள் கம்பெனிக்கு அமெரிக்காக்காரன் கிளையன்ட். அவனுக்கு நவமியாவது தசமியாவது, ஆபீஸ் போயே ஆக வேண்டும். கிழக்கேகோட்டைவரை ஒரு பஸ், அங்கிருந்து கழக்கூட்டத்துக்கு இன்னொரு பஸ், இரண்டிலும் நின்றுகொண்டே போனேன். இனி இந்த மாமா என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாதா? பூஜை போட்ட பொருளை நல்ல நாள் பார்த்துத்தான் நகர்த்த வேண்டும் என்பார். தீபாவளி, கார்த்திகை, திருவாதிரை என்று இழுப்பார். சாக்கை ஸ்டாப்பைத் தாண்டும்போது என் மூளையில் பளிச்சென்று ஒன்று பட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் நின்ற பெண் கொஞ்சம் தள்ளி நின்றாள்.

விஜயதசமி காலை எல்லாரும் கீழே கூடியிருந்தார்கள். தீபாராதனை ஆயிற்று. குழந்தைகள் புஸ்தகத்தை எடுத்து இரண்டு வரி படித்தன. நான் சாவியை எடுத்து, காரை கேட் வரை ஓட்டிப்போய்த் திரும்பி வந்தேன். பிறகு சத்தமாகக் கேட்டேன்.

"மாமா, பூஜை எடுத்தா அன்னிக்கே அதை உபயோகிக்கணும், அல்லே? புஸ்தகம்னா படிக்கணும், வண்டின்னா ஓட்டணும். போட்டுன்னா?"

எல்லாரும் மாமாவைப் பார்த்தார்கள். அவர் முகம் விபூதிபோல வெளுத்தது.

மாமி என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனாள்.

"அவருக்குத் தண்ணின்னா பேடி, ஸ்மிதா, ஒரே பயம். முழங்காலுக்கு மேலே தண்ணியைப் பார்த்தா தலை சுத்தும். குழாய்க்குள்ளே போற தண்ணி மட்டுந்தான் அவருக்குச் சரிப்படும்."

அட கடவுளே. அப்போது பதினோரு தடவை வார்னிஷ்? முடிந்துவிட்டால் தண்ணீரில் இறக்க வேண்டும். முடியாதவரை தினமும் காலையில் எழுந்து போக ஓர் இடம் உண்டு. எனக்குச் சங்கடமாகிவிட்டது. வேண்டாம் மாமா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே, "ஓட்டணும். அதுதான் முறை" என்றார். குரல் அவர் குரலாகவே இல்லை.

அதே லிங்கத்தின் அதே லாரியில் படகு வெள்ளாயணிக் காயலுக்குப் போனது. மாமா மிதவைச் சட்டையை மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டிக்கொண்டு எஃப் 14-ல் உட்கார்ந்தார்.

"நீயும் ஏறு," என்றாள் மாமி என்னிடம். "நோட்டீஸ் கொடுத்தவளாச்சே."

ஹரிஷங்கரும் லிங்கமும் இடுப்புத் தண்ணீரில் நின்று தள்ளினார்கள். மாமா கண்ணை மூடிக்கொண்டு கந்தர் சஷ்டி கவசம் முணுமுணுத்தபடி கயிற்றை இழுத்தார். நான்காவது இழுப்பில் எஞ்ஜின் பிடித்தது. படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது பாருங்கள்! பழைய மரம், ஓசி எஞ்ஜின், குக்கரில் வெந்த சட்டம், எல்லாம் சேர்ந்து என்ன ஓட்டம்! ஐம்பத்திரண்டு வயதில் நான் கூவிவிட்டேன். தாமரைக் கூட்டத்தைத் தாண்டிக் காயலின் நட்ட நடுவுக்கு வந்தோம். அங்கே எஞ்ஜின் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது.

ஒரே அமைதி. மாமா கண்ணைத் திறந்தார். நாலா பக்கமும் தண்ணீர். மயங்கி விழப்போகிறார் என்று அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவர் தண்ணீரைப் பார்க்கவே இல்லை. காதைச் சாய்த்து எஞ்ஜினைக் கேட்டார். மூடியைத் திறந்து உள்ளே விரலை விட்டார்.

"கார்புரேட்டராக்கும்!" என்றார். பேரன் பிறந்த செய்தியைச் சொல்வதுபோல இருந்தது.

"மாமா, கால்கிட்ட தண்ணி கசியறது."

குனிந்து பார்த்தார். முகம் இன்னும் மலர்ந்தது. "ஆமாம், அடிப்பலகை! ரெண்டு பலகையாவது மாத்தணும்."

கரையிலிருந்து மாமி கத்துவது கேட்டது. லிங்கம் ஒரு வள்ளக்காரரைக் கூப்பிட ஓடினார். எங்களை இழுத்துப் போக ஆள் வரும்வரை நான் ஆபீஸுக்கென்று கொண்டுவந்திருந்த டிபன் பாக்ஸால் தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றிக்கொண்டிருந்தேன். மாமா திருகாணிகளைக் கழற்றி மடியில் வரிசையாக வைத்தார். திடீரென்று கை நின்றது. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் பயம் இருந்தது. தண்ணீர்ப் பயம் அல்ல.

"ஸ்மிதா, அந்த இடம்… விருந்தாளிகளுக்குத்தான், அல்லே?"

"ஆமாம்," என்றேன். "அது ரூல்."

அவர் தலையாட்டினார். திருகாணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கைக்குட்டையில் முடிய ஆரம்பித்தார்.

"அதனாலே போட்டை விருந்தாளின்னு எழுதிக்கறேன்," என்றேன். "எத்தனை நாள் தங்குவார்னு நீங்களே சொல்லுங்கோ."