பேருந்துப் படியின் உயரம்

அம்மாவின் வலது முழங்காலிலிருந்து மாவுக்கட்டைப் பிரித்த வாரத்திலேயே அவளுடைய பதவி உயர்வு ஆணையும் வந்து சேர்ந்தது. கிட்வாய் நகரில் எங்கள் குவார்ட்டர்ஸிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய அலுவலகத்தில் பதினேழு ஆண்டுகள் எழுத்தராக இருந்தவள் அவள். புதிய பதவியோ கரோல் பாக்குக்கும் அப்பால் இருந்தது. மூன்று மாதத்துக்குள் சேர வேண்டும்; இயலாதென்றால் பதவி உயர்வு வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அன்றைய தில்லிப் பேருந்துகள் ஒருவருக்காகவும் முழுமையாக நின்றதில்லை. அவற்றின் முதற்படி அம்மாவின் முழங்காலுக்குச் சற்றுத்தான் கீழே இருக்கும். அந்தப் படியில் அவளால் ஏற முடியுமா என்பது ஒன்றே எங்கள் வீட்டின் கேள்வியாக இருந்தது.

உடற்பயிற்சி அவசியம் என்றார் மருத்துவர். அம்மாவின் தோழியொருத்தி, சரோஜினி நகரிலிருந்து ஸ்கூட்டியில் வந்து வீட்டிலேயே பயிற்சி கொடுக்கும் ஒரு பஞ்சாபிப் பெண்ணை அனுப்பிவைத்தாள். உடற்கல்வி படித்தவள், என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். முதல் நாள் அம்மாவின் தொடையைத் துண்டால் அளந்து முடிச்சுப் போட்டுக்கொண்டாள். பிறகு வாசலில் பராமரிப்பு வேலைக்காகக் குவித்திருந்த செங்கற்களில் ஒன்றை எடுத்து வந்து, சுவரோரம் படுக்கை வாட்டில் வைத்தாள். அதன்மேல் ஏற வேண்டும், இறங்க வேண்டும். மூன்று வாரம் கழிந்த பின்னும் அதே ஒரு செங்கல்தான்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. பள்ளி நாள் முதல் தமிழ் மேடைகளில் பேசி வாங்கிய கோப்பைகள் தொலைக்காட்சிப் பெட்டியின்மேல் இடமின்றி நின்றன. இந்த நகரில் பிறந்து இவ்வளவு செம்மையாகத் தமிழ் பேசும் பெண் வேறொருத்தி இல்லை என்று சங்க விழாக்களில் சொல்லுவார்கள். நானும் அதை மறுத்ததில்லை. ஒரு நாள் பயிற்சியாளரை நிறுத்தி, இரண்டாவது செங்கல் எப்போது என்று இந்தியில் கேட்டேன்.

"இறங்கும்போது பாரு. ஆன்ட்டிஜி இடுப்பைச் சாய்க்கிறாங்க. அது நேராகட்டும்" என்றாள்.

"அதற்கு எத்தனை நாள்?"

"தெரியாது."

எதிரணி விடை தெரியாது என்று ஒப்புக்கொண்டால் மேடையில் வழக்கு முடிந்துவிடும். நான் அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

சந்தைப் பக்கம் அப்போதுதான் பெரிய ஜிம் ஒன்று திறந்திருந்தார்கள். இரண்டு தளம், குளிர்சாதனம், சுவர் முழுக்கக் கண்ணாடி, ஓடுபொறிகள், காலுக்கென்றே நான்கு இயந்திரங்கள். அன்றிரவு சாப்பாட்டு மேசையில் அம்மா அங்கே சேர வேண்டும் என்ற தீர்மானத்தை முன்மொழிந்தேன். அறிவியல், கருவி, காலக்கெடு என்று மூன்று பகுதிகளாகப் பேசினேன். "பழுதானது முழங்கால், பரிகாரம் செங்கல்லா?" என்று முடித்தபோது அப்பா கரண்டியால் எவர்சில்வர் டம்ளரைத் தட்டினார்.

"மணி அடிச்சாச்சு. உக்காரு. ரசம் ஆறுது."

"தீர்ப்பு சொல்லுங்கப்பா."

"முழங்கால் அவளுக்குல்லா? அவகிட்ட கேளு."

அம்மா தட்டைப் பார்த்தபடி இருந்தாள். "அந்தப் பிள்ளை பொறுமையாத்தான சொல்லித் தருது" என்றாள்.

"அம்மா, பொறுமையா இருந்தா டேட் தள்ளிப் போகுமா?"

"ஒன்கிட்ட மறுத்துப் பேச எனக்கு வராதுட்டி. சரி, போறேன்."

மறுநாள் நானே பயிற்சியாளரிடம் சொன்னேன். அவள் வாதாடவில்லை. "அச்சா" என்று மட்டும் சொல்லி, செங்கல்லைச் சுவரோரமாகத் தள்ளி வைத்துவிட்டுப் போனாள்.

ஜிம்மைப் பற்றிக் குறை சொல்வதற்கில்லை. மாலையில் அங்கே நாற்பது பேர் இருப்பார்கள். சொல்லிக்கொடுக்க இரண்டு பேர். பணிவான இளைஞர்கள். எடையையும் இடுப்பையும் அளந்து, எல்லோருக்கும் கொடுக்கும் அச்சிட்ட அட்டையை அம்மாவுக்கும் கொடுத்தார்கள். நல்ல கால் உள்ளவர்களுக்கு அந்த அட்டை போதுமானதாகவே இருந்திருக்கும். அம்மா அமர்ந்து காலால் எடையைத் தூக்கினாள், ஓடுபொறியில் நடந்தாள். நான் கண்ணாடியில் அவளைப் பார்த்து மகிழ்ந்தேன். வலி இருக்கிறதா என்று அவர்கள் கேட்கும்போதெல்லாம் "நஹீன் பையா", இல்லை தம்பி, என்றாள்.

இரண்டாம் வாரக் கடைசியில் முழங்கால் வீங்கி, சேலைக் கொசுவத்தையும் மீறித் தெரிந்தது. மருத்துவர் பத்து நாள் ஓய்வு என்றார். அம்மா நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருக்க, நான் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி ஒத்தடம் கொடுத்தேன்.

"எப்பத்துலேர்ந்து வலிச்சுது?"

"ரெண்டாம் நாள்லேர்ந்து."

"ஏம்மா சொல்லல?"

"எம்புட்டு பேசின அன்னைக்கு! அறிவியலுன்ன, கருவின்ன. அப்புறம் வலிக்குன்னு எப்படிட்டி சொல்ல?"

நான் ஈரத் துணியைப் பிழிந்து, புதிய ஐஸ் கட்டியை அதில் சுற்றினேன்.

மறுநாள் காலை பயிற்சியாளரின் வீட்டைத் தேடிச் சென்று நடந்ததைச் சொன்னேன். தயாரித்துக்கொண்டு போயிருந்த மன்னிப்பு நீளமானது. அவள் பாதியிலேயே கையை உயர்த்தினாள். "வீக்கம் முழுதா வடிஞ்சுதா?" என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். "வடியட்டும். வரேன். எந்த பஸ்?"

"என்ன?"

"ஆன்ட்டிஜி ஏற வேண்டியது எந்த பஸ்?"

வழித்தட எண் எனக்குத் தெரியவில்லை. மூன்று பகுதிகளாகப் பேசியவள் அதை ஒருமுறையும் கேட்டுக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டு, தொலைபேசியில் சொன்னேன்.

பத்து நாள் கழித்து அவள் வந்தபோது துண்டில் புதிதாக இரண்டு முடிச்சுகள் இருந்தன. அந்தத் தடத்தின் பேருந்தைத் தேடிப்போய்ப் படியை அளந்திருக்கிறாள். சாலையிலிருந்து அளந்தால் ஐந்து செங்கல் உயரம். பேருந்து புறப்படும் நிலையத்திலோ ஓட்டுநர் நடைமேடையை ஒட்டியே நிறுத்துகிறார், மேடையிலிருந்து மூன்றுதான். "மூணு, இருக்கிற நாளுக்குள்ள ஆகலாம். அஞ்சுக்கு இப்ப ஆசைப்பட வேண்டாம்" என்றாள். மறுபடி ஒரு செங்கல்லிலிருந்து தொடங்கினார்கள். இந்த முறை நானும் தரையில் உட்கார்ந்து அம்மாவின் இடுப்பைப் பார்த்தேன். அது சாய்வது எனக்கே தெரிந்தது. சாய்வு நின்ற வாரம் இரண்டாவது செங்கல் வந்தது. சேர வேண்டிய நாளுக்கு நான்கு நாள் முன்பு மூன்றாவதும் வந்தது.

சேரும் நாளன்று ஆட்டோவில் புறப்படும் நிலையத்துக்குப் போனோம். பேருந்து நடைமேடையை ஒட்டி நின்றது. இறங்குவதும் கடைசி நிறுத்தம் என்பதால் அங்கே அவசரம் இருக்காது. நான் கையை நீட்டினேன். அம்மா அதைப் பற்றாமல் கம்பியைப் பிடித்தாள். இடது காலை வைத்தாள். பின்னால் இருந்தவர்கள் நெருக்க, நடத்துநர் பேருந்தின் பக்கவாட்டில் தட்டினான்.

"ஜல்தி மாதாஜி, ஜல்தி!"

அம்மா திரும்பி அவனைப் பார்த்தாள். "ருக்கோ பையா. ஏறிக்கிட்டுத்தான இருக்கேன்" என்றாள். நில் என்ற இந்திச் சொல் போக மீதித் தமிழ் அவனுக்கு எப்படிப் புரிந்ததோ, தட்டுவதை நிறுத்தினான். வலது காலும் படியேறியது. இடுப்பு சாயவில்லை.

ஐந்தாவது செங்கல்லுக்கு இன்னும் ஆறு வாரம் ஆயிற்று. அதுவரை அவள் நிலையத்திலிருந்தே ஏறினாள்.